முழங்காலுக்கு வைத்த நேர்த்தி

மகன்,

சுகம் கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் சுகத்தைப் பற்றி நான் சொன்ன ஒரு பொய்தான் இதை எழுதவே காரணம். வியாழக்கிழமை உன்னை விமானத்தில் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா வயிற்றுக் கோளாறு என்று நினைத்து இஞ்சித் தேநீர் வைத்துத் தருகிறாள். வயிற்றில் ஒன்றுமில்லை. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். இதை உனக்கு மட்டும் அனுப்பினால் அதுவும் இன்னொரு மறைப்பாகிவிடும் என்பதால் நம்மவர்களின் ஆண்டு மலருக்கும் ஒரு பிரதி கொடுக்கப்போகிறேன். மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். தெரிந்தவர்களுக்குத் தெரியத்தான் போகிறது, தெரியட்டும். சனிக்கிழமைப் பள்ளியில் படித்த தமிழ் உனக்கு இன்னும் போதும், மெதுவாக வாசி.

மலரில் வாசிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்லவேண்டும். நோர்வேயில், ஒஸ்லோவின் குரோருட்டில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் நீ சாதாரண உதைபந்துதான் விளையாடினாய். உன் வலது கால் உதைத்த பந்து வேலிக்கு மேலால் போய் வாகனத் தரிப்பிடத்தில் விழும். முறைப்பாடு எனக்கு வரும். பதினாறு வயதில் யாரோ உன்னை அமெரிக்க உதைபந்து விளையாடும் கழகத்துக்குக் கூட்டிப் போனார்கள். முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், ஒருவரையொருவர் மோதித் தள்ளும் தடியர்கள். அதில் உன் வேலை மோதுவது அல்ல. ஆட்டம் நிற்கும்போது நீ வருவாய், இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பாய், திரும்பிப் போய் ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருப்பாய். “இதுக்கோ புலமைப்பரிசில் தருகினம்?” என்று நான் கேட்டேன். தந்தார்கள். அமெரிக்காவின் உட்டாவில் ஒரு கல்லூரி உன்னை அந்தக் காலுக்காகவே கூப்பிட்டது. அன்றைக்கு நான் கோவிலில் நின்ற எல்லாருக்கும் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன். நீ விளையாடும் ஆட்டத்தின் ஒரு விதியும் தெரியாமல், உன் பெயரைக் காவிக்கொண்டு திரிந்தேன்.

அந்த அணியில் ஒரு வழக்கம் இருந்தது. மொர்மன் சபைப் பொடியன்கள் ஒரு வருடம் விளையாடுவார்கள், பிறகு பந்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு வருடம் தங்கள் சபைக்காக ஊழியம் செய்யப் போவார்கள். வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் போட்டு, ஊர்பேர் தெரியாத இடங்களில் கதவு தட்டுவார்கள். முடிந்ததும் திரும்பி வந்து அதே அணியில் தங்கள் இடத்துக்காகப் போட்டி போடுவார்கள். உன் அறையில் இருந்தவன் அப்படித் திரும்பி வந்தவன். அவன் தசையெல்லாம் கரைந்து வந்து, ஒரு வருடம் வாங்கில் இருந்து, மறுபடி ஏறினான் என்று நீ அதிசயமாகச் சொன்னாய். நான் கவனிக்கவில்லை. பிறகு ஒருநாள் போனில், “அப்பா, நான் ஞானஸ்நானம் எடுத்திட்டன்” என்றாய். அடுத்த வருடம், “நானும் போறன், இரண்டு வருசம்” என்றாய். உலகமெல்லாம் கிடக்க உன்னை நோர்வேக்கே அனுப்பினார்கள். வீட்டுக்கு வரக்கூடாது, வாரத்தில் ஒருநாள் கதைக்கலாம் என்று ஒழுங்கு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் உன் அழைப்பு வரும். நான் “நல்லாயிருக்கிறியோ” என்று கேட்டு, பதில் வருமுன் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். உன் மதத்தைப் பற்றி இன்றைக்கும் எனக்குச் சந்தோசம் இல்லை. அதைப் பொய்யாகச் சொல்லி இந்தக் கடிதத்தையும் கெடுக்க விரும்பவில்லை. ஆனால் நான் இங்கே எழுதவந்த அருவருப்பு அதைப் பற்றியது அல்ல.

ஸ்டோவ்னரில் இருக்கும் உன் குலம் மாமா, நம் தமிழர் விளையாட்டுக் கழகத் தலைவர், உன் கல்லூரி அணியின் பெயர்ப்பட்டியலை இணையத்தில் பார்த்துக்கொண்டிருப்பவர். கோவில் மடைப்பள்ளியில் நாங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: “என்னண்ணை, இந்த முறை லிஸ்ட்டிலை பெடியன்ரை பேரைக் காணேல்லை?” எல்லாக் கத்திகளும் ஒரு கணம் நின்றன. நான் சொன்னேன், “முழங்கால்.” ஒரே ஒரு சொல். அதற்கு மேல் யோசித்துச் சொன்னதல்ல. பிறகு அந்தச் சொல்லுக்குக் கையும் காலும் முளைத்தன. தசைநார் அறுந்தது என்றேன். சத்திரசிகிச்சை என்றேன். அமெரிக்க டொக்டர் இரண்டு வருடம் ஓய்வு சொன்னார் என்றேன். இரண்டு வருடம் என்ற கணக்கு எவ்வளவு பொருத்தமாக வந்தது என்று என் கெட்டித்தனத்தை நானே மெச்சினேன். சீ.

எனக்கு இது புதிதும் அல்ல. அகதியாக வந்து வடகோடியில் உள்ள பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றபோது, “கொம்பனியில் உத்தியோகம்” என்று ஊருக்கு எழுதியவன் நான். விரலில் மீன் செதில் ஒட்டியிருக்கும், அந்த விரலால் எழுதினேன். அந்தக் குளிரில் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்த நோர்வே தேவாலயத்துக்குப் போய், அவர்கள் பாடும்போது வாயசைத்து, முடிந்ததும் கோப்பியும் கேக்கும் சாப்பிட்டிருக்கிறேன். சூட்டுக்காகவும் கேக்குக்காகவும் போனவன் நான். அதை யாருக்கும் சொல்லவில்லை, உன் அம்மாவுக்குக்கூட. நம்பிக்கைக்காகப் போன உன்னைப் பார்த்து வெட்கப்பட்டவனும் அதே ஆள்தான். நீ ஒருநாள் தகப்பனானால், பிள்ளை உன்னை விட நேர்மையாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளப் பழகு. நான் பழகவில்லை.

இனிப் புஷ்பம் அன்ரிக்கு வருகிறேன். இந்த இடத்தை எழுதத்தான் மூன்று நாள் எடுத்தது. அவளும் அதே தொழிற்சாலையில் எங்களோடு நின்றவள். ஈரச் சீமெந்தில் எட்டு மணித்தியாலம் நின்று நின்று அவளுடைய இரண்டு முழங்கால்களும் போய்விட்டன. படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு காலாக வைப்பாள். உனக்குக் காயம் என்று கேள்விப்பட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்து அழுதாள். “முழங்கால் நோ என்னெண்டு எனக்குத் தெரியும் அண்ணை. சின்னப் பிள்ளைக்கு இது வரப்படாது” என்றாள். உன் அம்மா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள். அம்மாவைப் பொய்க்குள் இழுத்ததும் நான்தான். அவள் ஒருநாளும் பொய் சொல்லவில்லை, குசினிக்குள் போவாள், அவ்வளவுதான். புஷ்பம் வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருக்கத் தொடங்கினாள். அதோடு விடவில்லை, முருகனுக்கு நேர்த்திக்கடனும் வைத்தாள். தேர்த் திருவிழாவில் உன் முழங்காலுக்காக அடியழிப்பதாக.

அடியழிப்பது உனக்குத் தெரியாது. தேருக்குப் பின்னால் பெண்கள் நிலத்தில் விழுந்து கும்பிட்டு, கை எட்டிய இடத்தில் ஒரு கோடு கீறி, எழும்பி அந்தக் கோட்டுக்கு வந்து, மறுபடி முழங்காலை ஊன்றி விழுவார்கள். அப்படியே கோவிலைச் சுற்றி வரவேண்டும். போன வருடத் தேரன்று காலையில் மழை பெய்திருந்தது. தார் ரோட்டில் சின்னச் சின்னக் கற்கள். நல்ல முழங்கால் உள்ளவர்களே பாதி வழியில் முனகினார்கள். புஷ்பம் ஒவ்வொரு தடவையும் எழும்பும்போது உதட்டைக் கடித்தாள். தன் மகளைக்கூடக் கைபிடிக்க விடவில்லை. பிடித்தால் நேர்த்தி பலிக்காதாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் நடந்தேன். “காணும் பிள்ளை, மிச்சத்தை விடுங்கோ” என்று இரண்டு தரம் சொன்னேன். அவள், “தம்பியின்ரை கால் அண்ணை” என்றாள். ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் எழும்பி நின்றிருப்பாள். நான் போத்தலின் மூடியைத் திறந்து கொடுத்தேன். பார்த்தவர்கள், தகப்பன் எவ்வளவு உருகிப்போய் நிற்கிறார் என்று கதைத்தார்கள். அந்தக் கதை காதில் விழுந்தபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. இந்த வருடத் திருவிழாவிலும் அவள் அடியழித்தாள். இந்த வருடமும் நான் தண்ணீர் கொடுத்தேன்.

இரண்டு திருவிழாக்களுக்கும் நடுவில் ரயிலில் நடந்ததை நீயும் நானும் ஒருநாளும் கதைக்கவில்லை. முதலில் வடக்கிலும் பிறகு பேர்கனிலும் இருந்துவிட்டுக் கடைசி மாதங்களுக்கு நீ ஒஸ்லோவுக்கு மாறியிருந்தாய். நானும் குலமும் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். கல்பாக்கனில் கதவு திறக்க, நீயும் ஒரு சிவந்த தலைமயிர்க்காரப் பொடியனும் ஏறினீர்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, நெஞ்சில் கறுப்பில் வெள்ளை எழுத்துள்ள பெயர்ப்பட்டை. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு உன்னை நேரில் பார்க்கிறேன். மெலிந்திருந்தாய். என்னைக் கண்டதும் உன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இதுவரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு அடி முன்னால் வந்தாய். நான் யன்னல் பக்கம் திரும்பினேன். குலம் கேட்டார், “எங்கடை பெடியன் மாதிரிக் கிடக்கு?” நான் சொன்னேன், “இந்தியாப் பெடியனாயிருக்கும். வேதக்காரர் எல்லா இடத்திலையும் ஆக்களைப் பிடிக்கினம்.” நீ ஒரு கை தூரத்தில் நின்றாய். உனக்குத் தமிழ் விளங்கும். நீ அந்தப் பொடியனிடம் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டாய். அந்தத் திங்கட்கிழமையும் நீ அழைத்தாய். அம்மாவின் இரத்த அழுத்தத்தைப் பற்றிக் கேட்டாய்.

பிறகு ஊழியம் முடிந்து மூன்று கிழமை வீட்டில் நின்றாய். ஒவ்வொரு காலையும் அந்தப் பழைய மைதானத்தில் முட்டைப் பந்தை உதைத்தாய், அம்மா கம்பத்துக்குப் பின்னால் நின்று பொறுக்கித் தந்தாள். நான் மாடியிலிருந்து பார்த்தேன். பந்து முன்னைப்போல் போகவில்லை. பாதித் தூரத்தில் சரிந்து விழுந்தது. உன் இடத்தில் இப்போது வேறொருவன் உதைக்கிறான் என்றும், “இடம் எண்டு ஒண்டும் இல்லை அப்பா, போய்த்தான் பிடிக்கவேணும்” என்றும் சொன்னாய். அந்த மூன்றாவது கிழமையில்தான் புஷ்பம் அன்ரி வந்தாள், காலுக்குப் பூச ஒரு போத்தல் எண்ணெயோடு. உன்னைக் கதிரையில் இருத்தி, தான் நிலத்தில் இருந்து, தன் முழங்காலை மடக்க முடியாமல் காலை நீட்டி வைத்துக்கொண்டு, உன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். “எந்தப் பக்கம் தம்பி வெட்டினவை? தழும்பைக் காணேல்லை.”

நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவளிடம், “அன்ரி, என்ரை முழங்காலுக்கு ஒண்டும் இல்லை” என்றாய். அவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, “முருகா! தழும்பும் இல்லாமல் ஆக்கிப்போட்டான்!” என்று அழுதாள். நீ மறுபடி என்னைப் பார்த்தாய். குசினியில் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நான் சொன்னேன், “ஓம், முருகன்தான்.” பொய்யையும் சொல்லி, அதைச் சாமியின் தலையிலும் கட்டினேன். நீ கும்பிடாத சாமி அது. நான் கும்பிடும் சாமி. நம்பிக்கை மாறிவிட்டது என்று உன்னைப் பற்றி இரண்டு வருடம் மனதுக்குள் முணுமுணுத்த எனக்கு, என் நம்பிக்கையின் விலை என்னவென்று அந்த இடத்தில் தெரிந்தது. நீ எழும்பி அவளைத் தூக்கிக் கதிரையில் இருத்தினாய். எண்ணெயை வாங்கிக்கொண்டாய்.

விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு நீ சொன்னது இதுதான்: “நான் அன்ரிக்குச் சொல்லலாம் அப்பா. ஆனா அது நான் சொல்லுறதில்லை. நீங்கள் சொல்லுறது.” கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். நீ என் யக்கெற்றின் கழுத்துப் பக்கத்தைச் சரிசெய்துவிட்டுச் சொன்னாய்.

அப்போதும் நான் நேரே அவளிடம் போகவில்லை. கோழை முதலில் சுகமான கதவைத்தான் தட்டுவான். வெள்ளிக்கிழமை குலத்திடம் போனேன். உண்மையைச் சொன்னேன். அவர் அதிர்ச்சியாவார், கோபிப்பார், நான் தலைகுனிவேன் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அவர் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே சொன்னார்: “எனக்குத் தெரியுந்தானே அண்ணை. ரயிலிலை அண்டைக்கே தெரியும். நெஞ்சிலை உங்கடை பேரைக் குத்திக்கொண்டெல்லே நிண்டவன். எனக்கென்ன வாசிக்கத் தெரியாதே?”

நோர்வேயில் நம் பிள்ளைகளின் கடைசிப் பெயர் தகப்பனுடைய பெயர். பட்டையில் என் பெயர்தான் இருந்திருக்கிறது. நான் அதை வாசிக்கவில்லை.

“தெரிஞ்சா ஏன் ஒண்டும் சொல்லேல்லை?” என்று கேட்டேன். “நீங்கள் மறைக்கிறியள் எண்டு விளங்கினது. பிறகேன் உங்களை வெட்கப்படுத்துவான்? கழகத்திலை எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு வீட்டிலையும் ஒண்டு இருக்குத்தானே. நாங்கள் ஆளுக்காள் கண்டும் காணாமல் போறதுதான் மரியாதை.” இன்னொரு ரோல்ஸை என் பக்கம் தள்ளினார். “புஷ்பத்துக்கும் தெரியுமோ?” என்று கேட்டேன். அவர் சிரித்தார், மகன். “அது பாவம், சொன்னதை நம்பிக்கொண்டு திரியுது” என்றார். நான் எழும்பி வந்துவிட்டேன். அந்த ரயிலுக்குப் பிறகு நான் பொய் சொல்லி ஏமாற்றியது ஊரை அல்ல. ஊருக்கு எல்லாம் தெரியும். அத்தனை பேரும் இந்த வருடத் திருவிழாவில் கரையில் நின்று, இல்லாத காயத்துக்காக ஒருத்தி தன் முழங்காலைத் தாரில் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். மரியாதையாக. இந்த மரியாதையிலிருந்து நீ தப்பிப் போனது நல்லது. யாராவது உனக்காக மௌனமாக இருந்தால், அந்த மௌனத்துக்கு யார் முழங்கால் தேய்கிறது என்று பார்.

இன்று காலை புஷ்பத்தின் வீட்டுக்குப் போனேன். கையில் மாவோடு கதவைத் திறந்தாள். சிரித்தாள். “தம்பி போய்ச் சேந்திட்டானோ?” நான் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று சொன்னேன். “பிள்ளை, தம்பியின்ரை முழங்காலிலை ஒருநாளும் ஒரு வருத்தமும் இருக்கேல்லை. அவன் மொர்மன் சபையிலை சேந்து, ஊழியத்துக்குப் போனவன். அதை மறைக்க நான் சொன்ன பொய் அது.”

அவள் விளங்காதவள்போல் நின்றாள். “ஒருநாளும் இல்லையோ?”

“இல்லை.”

“நான் அடியழிக்கேக்கை உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“இந்த வருசமும்?”

“இந்த வருசமும்.”

“பக்கத்திலை வந்து தண்ணி தந்தனீங்கள் எல்லே.”

“ஓம்.”

மாவை விரலிலிருந்து உருட்டி உருட்டி எடுத்தாள். பிறகு சொன்னாள்: “உள்ளதைச் சொல்லியிருந்தாலும் நான் அவனுக்குக் கும்பிட்டிருப்பன் அண்ணை. பெடியன் குளிருக்குள்ளை தனிய நிண்டு கதவு தட்டுறான் எண்டு சொல்லியிருந்தால், அதுக்கும் அடியழிச்சிருப்பன்.” நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் மாக்கையை உயர்த்தி மறித்தாள். “உள்ளை வாங்கோ எண்டு சொல்ல எனக்கு இண்டைக்கு மனம் வரேல்லை. குறை நினைக்காதையுங்கோ. போயிட்டு வாங்கோ.” அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள். உள்ளே பூட்டு விழும் சத்தம் கேட்டது.

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். மேல்மாடியிலிருந்து இறங்கிய ஒரு நோர்வேக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கைப்பையை மற்றப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டு போனாள். நாளைக்கு வேலை முடிந்து மறுபடி போவேன். திறக்காவிட்டால் அடுத்த நாளும் போவேன். மகன், இரண்டு வருடம் நீ எத்தனை கதவுகளுக்கு முன்னால் இப்படி நின்றாய்? நான் ஒருநாளும் கேட்கவில்லையே. இப்போது கேட்கிறேன். திங்கட்கிழமை எடு, போனை அம்மாவிடம் கொடுக்கமாட்டேன். முதலாவது கதவிலிருந்து சொல்லு.

அப்பா